சிட்னியில் முதுகலைப் படிப்பும் கிளீனிங் வேலையும்: புதிதாக வரும் பட்டதாரிகளுக்கு

ஆஸ்திரேலியாவில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் சீனர், இந்தியருக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பது நேபாளிகள். மொத்த மக்கள்தொகையே மூன்று கோடியைத் தொடாத நாடு அது. சிட்னியில் ஆபர்ன், ராக்டேல், ஹர்ஸ்ட்வில் ரயில் நிலையங்களில் விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு நின்று பாருங்கள். வேலைக்குப் போகிறவர்களும் வேலை முடிந்து வருகிறவர்களுமாக நேபாளி மொழிதான் காதில் விழும். நான் மாணவனாக இருந்தபோது சேர்ந்த இரவு கிளீனிங் குழுவில் என்னைத் தவிர எல்லோரும் அவர்கள்தான். ஒரு கணக்கியல் பட்டதாரி, ஒரு சிவில் இன்ஜினியர், ஒரு நர்ஸ், பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு தீதி (அக்கா). எனக்கு இங்குள்ள சட்டமும் சம்பளமும் புரிந்தது அவர்களிடமிருந்துதான். அவர்களுக்குப் புரியாத படிவங்களைச் சேர்ந்து உட்கார்ந்து நிரப்பிய விதத்தில் மீதியைக் கற்றுக்கொண்டேன்.

அவர்களுடைய தம்பி தங்கைகள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள், நம் பிள்ளைகளும்தான். விசா ஒன்று, விதி ஒன்று. நேபாளத்துக்கே உரிய காகித வேலையை அந்தந்த இடத்தில் சொல்கிறேன். தொகைகள் எல்லாம் ஆஸ்திரேலிய டாலரில், 2025 ஜூலை நிலவரப்படி. ஒவ்வொரு ஜூலையிலும் இவை மாறும், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் கணக்கு, அப்புறம் விண்ணப்பம்

"போய் இறங்கிவிடு, வேலை செய்து ஃபீஸ் கட்டிக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். காத்மாண்டுவில் புதலிசடக், பாக்பஜார் தெருக்களில் மாடிக்கு மாடி இருக்கும் கன்சல்டன்சிகளில் இதைச் சொல்லாத இடம் அபூர்வம். கல்லூரியிடமிருந்து அவர்களுக்குக் கமிஷன் வருகிறது; நீங்கள் சேர்ந்தால் போதும், முடிப்பது உங்கள் பாடு.

கணக்கு இதுதான். தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95. கேஷுவல் (நிரந்தரமில்லாத) வேலைக்கு 25 சதவீதம் கூடுதல், ஆக 31.19. படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஒரு வாரம்கூட விடாமல் வருடம் முழுக்க அப்படி உழைத்தால் 38,900 சொச்சம். வரி போகக் கையில் ஏறக்குறைய 36,000. ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்குக் கையில் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்டவேண்டிய தொகையே 29,710. மிச்சம் ஆறாயிரத்துச் சொச்சம். முதுகலைக் கட்டணமோ பல பல்கலைக்கழகங்களில் வருடத்துக்கு 30,000-க்கு மேல், 45,000 தாண்டுவதும் உண்டு.

கேஷுவல் வேலையில் சம்பளத்தோடு கூடிய லீவு கிடையாது. காய்ச்சலில் படுத்தால் அன்றைய கூலி போச்சு. ஆகவே வேலை என்பது வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும். ஃபீஸுக்கு வேறு வழி, அதாவது குடும்பப் பணமோ வங்கிக் கடனோ, முழுப் படிப்புக்கும் தயாராக இருக்க வேண்டும். முதல் செமஸ்டருக்கு மட்டும் இருந்தால் இரண்டாவது செமஸ்டரில் நீங்கள் விதியை மீறியே ஆகவேண்டிய நிலைக்கு வருவீர்கள். கீழே சொல்லப்போகும் வலைகளில் முக்கால்வாசி, இந்த ஃபீஸ் பள்ளத்தில் விழுந்தவர்களுக்காகவே விரிக்கப்பட்டவை.

விசா விண்ணப்பக் கட்டணம் மட்டும் 2,000. மறுக்கப்பட்டால் திரும்ப வராது. மருத்துவக் காப்பீட்டை விசா காலம் முழுவதற்கும் முன்பே வாங்க வேண்டும். அது பல்லுக்கும் கண்ணாடிக்கும் பொதுவாகப் பணம் தராது. பல் வலி இருந்தால் ஊரிலேயே பார்த்துவிட்டு வாருங்கள். இங்கே பல் மருத்துவர் பில்லைப் பார்த்தால் வலி மறந்துவிடும்.

2. ஊரில் முடிக்க வேண்டிய காகிதங்கள்

நேபாளத்திலிருந்து வருபவருக்கு இங்கே ஒரு படி கூடுதல். கல்வி, அறிவியல், தொழில்நுட்ப அமைச்சகத்தின் ஆட்சேபனையில்லாச் சான்று வேண்டும். எல்லோரும் என்ஓசி என்றே சொல்வார்கள். அது இல்லாமல் வங்கி கல்லூரிக்கு டாலர் அனுப்பாது. ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம், இதற்கு ஏஜென்டுக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. சேர்க்கைக் கடிதத்தில் உள்ள கல்லூரிப் பெயரும் படிப்பின் பெயரும் என்ஓசியில் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகட்டும். இந்திய மாணவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது நேபாளத்தின் வார்டு அலுவலகக் காகிதங்கள்: உறவுச் சான்று, பெற்றோரின் ஆண்டு வருமானச் சான்று, வரி கட்டிய சான்று. உண்மையான வருமானத்தை மட்டும் காட்டுங்கள். ஏஜென்ட் "ஏற்பாடு செய்து" தரும் வங்கிக் கையிருப்பு போலி என்று தெரிந்தால் விசா மறுப்போடு முடியாது, மூன்று வருடம் விண்ணப்பிக்கவே முடியாத தடையும் வரலாம்.

தேதிக் குழப்பம் தனிக் கதை. நேபாளக் குடியுரிமைச் சான்றில் பிறந்த தேதி விக்ரம் சம்வத்தில் இருக்கும், பாஸ்போர்ட்டில் ஆங்கில வருடத்தில். 57-ஐக் கழித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வருடப் பிறப்பு ஏப்ரல் நடுவில் என்பதால், ஜனவரி முதல் ஏப்ரல் பாதிவரை பிறந்தவர்களுக்கு 56-ஐத்தான் கழிக்க வேண்டும். பள்ளிச் சான்றில் ஒரு வருடம், பாஸ்போர்ட்டில் ஒரு வருடம் என்று நின்றுவிட்டால் விசா அதிகாரி கேள்வி கேட்பார். ஊரைவிட்டுக் கிளம்பும் முன் திருத்திவிடுங்கள். இங்கிருந்துகொண்டு வார்டு அலுவலகத்தை அசைப்பது பெரும்பாடு.

மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்று, பாடத்திட்டம், பழைய வேலை அனுபவக் கடிதம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள். அனுபவக் கடிதத்தில் பதவிப் பெயர் மட்டும் போதாது; என்ன வேலை செய்தீர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று எழுதி வாங்குங்கள். இரண்டு வருடம் கழித்துக் குடியேற்றத்துக்கான திறன் மதிப்பீட்டுக்கு இதைத்தான் கேட்பார்கள். அதற்குள் பழைய முதலாளி கடையை மூடியிருக்கலாம்.

3. இறங்கிய முதல் இரண்டு வாரம்

டாக்ஸ் ஃபைல் நம்பர், சுருக்கமாக டிஎஃப்என். வரி அலுவலகத்தின் தளத்தில் பாஸ்போர்ட்டை வைத்து நீங்களே விண்ணப்பிக்கலாம், இலவசம். கடிதம் தபாலில் வர 28 நாள்வரை ஆகும். வீடு நிலையாகும்வரை நம்பகமான ஒருவரின் முகவரியைக் கொடுங்கள். எண் தராவிட்டால் சம்பளத்தில் 47 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள். இந்த எண்ணை முதலாளி, வங்கி, சூப்பர் (ஓய்வூதியச் சேமிப்பு) நிதி, வரி அலுவலகம் தவிர யாருக்கும் கொடுக்காதீர்கள். வேலைக்கு எடுக்கும் முன்பே வாட்ஸாப்பில் கேட்பவன் முதலாளி அல்ல, திருடன்.

வீட்டுக்கு, பார்க்காமல் முன்பணம் அனுப்பக் கூடாது. நியூ சவுத் வேல்ஸில் குத்தகை எடுத்தால் பாண்ட் எனும் வைப்புத்தொகை அதிகபட்சம் நான்கு வார வாடகை, அதை அரசின் ஃபேர் டிரேடிங் அமைப்பில் கட்ட வேண்டும். நீங்கள் அநேகமாக ஒரு அறையில் இருவராக, ஏற்கெனவே குத்தகை எடுத்தவரிடம் தங்குவீர்கள். அப்போதும் கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் ரசீதோ வங்கிப் பதிவோ இருக்கட்டும். சொந்த ஊர்க்காரர் என்று கூச்சப்படாதீர்கள். பாண்ட் தகராறு பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர்களுக்குள்தான் நடக்கிறது.

ரயில், பஸ்ஸுக்கு ஓபல் கார்டு. முழுக் கட்டணம் கட்டும் வெளிநாட்டு மாணவர்களுக்கு இங்கே சலுகைக் கட்டணம் கிடையாது. சலுகை கார்டில் பயணம் செய்து மாட்டினால் அபராதம். வேலை இடத்தையும் கல்லூரியையும் ஒரே ரயில் பாதையில் வைத்துக்கொண்டு வீடு தேடுவது பணத்தைவிடத் தூக்கத்துக்கு நல்லது.

4. 48 மணி நேரத்தை எண்ணும் விதம்

அதிகம் பேர் சிக்குவது இங்கேதான், அதுவும் தெரியாமல். வாரத்துக்கு 24 என்று விதி இல்லை, இரண்டு வாரத்துக்கு 48. அந்த இரண்டு வாரம் எந்தத் திங்கட்கிழமையிலிருந்தும் தொடங்கும். அதாவது அடுத்தடுத்த எந்த இரண்டு வாரத்தைக் கூட்டினாலும் 48-ஐத் தாண்டக் கூடாது.

முதல் வாரம் 18, இரண்டாம் வாரம் 30, மூன்றாம் வாரம் 30, நான்காம் வாரம் 18 என்று வைத்துக்கொள்வோம். 1, 2 சேர்ந்தால் 48. 3, 4 சேர்ந்தால் 48. சம்பளச் சீட்டு இரண்டும் அழகாக இருக்கும். ஆனால் 2, 3 சேர்ந்தால் 60, விதிமீறல். ரோஸ்டர் (வேலை நேரப் பட்டியல்) போடும் சூப்பர்வைசருக்கு இது தெரியாது, தெரிந்தாலும் அவருக்குக் கவலை இல்லை. நீங்களே ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம்.

- இரண்டு வேலை செய்தால் இரண்டும் கூட்டி 48. உணவு டெலிவரி ஓட்டுவதும் இதில் சேரும்.
- படிப்பு தொடங்கும் முன் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது. ஓரியன்டேஷன் வாரம் படிப்பின் தொடக்கமா என்று கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.
- செமஸ்டர் விடுமுறையில் வரம்பு இல்லை. எது விடுமுறை என்பதைக் கல்லூரி நாள்காட்டிதான் தீர்மானிக்கும். நேபாளிகளின் தசைன் பண்டிகை இரண்டாவது செமஸ்டர் நடுவில் வருகிறது. நீங்கள் லீவு போட்டிருக்கிறீர்கள் என்பதால் அது விடுமுறைக் காலம் ஆகிவிடாது.
- படிப்பிலேயே கட்டாயமாக உள்ள பயிற்சி நேரம் 48-ல் சேராது.
- ஆராய்ச்சி முதுகலை, முனைவர் படிப்பு தொடங்கியவர்களுக்கு வரம்பு இல்லை. முதுகலை படிப்பவரின் கணவனோ மனைவியோ துணை விசாவில் வந்திருந்தால், படிப்பு தொடங்கிய பிறகு அவருக்கும் வரம்பு இல்லை. நேபாளத் தம்பதிகள் பலர் ஒருவர் படிக்க, ஒருவர் முழுநேரம் வேலை செய்ய என்று திட்டமிட்டு வருவது இதனால்தான். கணக்குப்படி பார்த்தால் நல்ல ஏற்பாடு. வீட்டுக்குள் அது எப்படிப் போகும் என்பதைக் கிளம்பும் முன்பே இருவரும் பேசிக்கொள்ளுங்கள்.

5. வேலை பிடிப்பதும் ஏபிஎன் வலையும்

முதல் வேலை தெரிந்தவர் மூலமாகத்தான் வரும். கிளீனிங், ஹோட்டல் அறை சுத்தம், சமையலறை, கிடங்கு. மதுபானம் பரிமாறும் இடத்துக்கு ஆர்எஸ்ஏ சான்று, கட்டட வேலைக்கு ஒயிட் கார்டு வேண்டும். வேலை கிடைக்கும் என்று உறுதியாகும் முன் எல்லாச் சான்றுகளையும் வாங்கிக் குவிக்காதீர்கள், ஒவ்வொன்றுக்கும் காசு. வேலை தருகிறேன், முதலில் பயிற்சிக் கட்டணம் கட்டு என்றால் அது வேலையே அல்ல.

பெரிய வலை ஏபிஎன். அது தொழில் நடத்துபவருக்கான எண். கிளீனிங் கான்ட்ராக்டர்கள் புதியவரிடம் "ஏபிஎன் எடுத்து வா, இன்வாய்ஸ் கொடு" என்பார்கள். எனக்கும் ஒருவர் அப்படித்தான் சொன்னார். நேரம் அவர் சொல்வது, துடைப்பமும் மெஷினும் அவருடையவை, விலையும் அவர் வைத்தது. இதில் நீங்கள் எங்கே தொழிலதிபர்? உண்மையில் ஊழியராக இருப்பவரை இப்படிக் காட்டுவது சட்டவிரோதம். இதில் உங்களுக்குக் குறைந்தபட்சக் கூலி போகிறது, சூப்பர் போகிறது, வரியையும் நீங்களே எடுத்துவைத்துக் கட்ட வேண்டும். மணிக்கு 25 என்று கேட்டதும் நல்ல தொகையாகத் தோன்றும், 31.19-ஓடு சூப்பர் 12 சதவீதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

ரொக்கக் கூலி இதைவிட மோசம். மணிக்கு 15, 18 என்று கையில் வைப்பார்கள். நீங்களும் விதி மீறியவர் என்ற பயம் இருப்பதால் வாய் திறக்கமாட்டீர்கள் என்பது அவர்கள் போடும் கணக்கு.

6. சம்பளம் குறைந்தால் என்ன செய்வது

சம்பளம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் பே ஸ்லிப் தர வேண்டும். கிளீனிங், முதியோர் பராமரிப்பு போன்ற துறைகளுக்கு அவார்டு என்ற தனிச் சம்பள விதி உண்டு. தேசியக் குறைந்தபட்சத்தைவிடக் கூடுதலாக இருக்கும், இரவுக்கும் ஞாயிறுக்கும் இன்னும் கூடுதல். சம்பளப் புகார்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மேன் தளத்தில் உங்கள் வேலையைத் தேர்ந்தெடுத்தால் சரியான தொகை வரும்.

குறைவாகக் கொடுத்திருந்தால் முதலில் முதலாளிக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் ஃபேர் வொர்க் எண் 13 13 94. ஆங்கிலம் தடுமாறினால் 13 14 50-ஐ அழைத்து நேபாளி என்றோ தமிழ் என்றோ சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இலவசமாக இணைப்பார்கள். ஆறு வருடம்வரை பழைய பாக்கியைக் கேட்கலாம். 2025 ஜனவரி 1 முதல் வேண்டுமென்றே கூலியைக் குறைப்பது குற்றம்.

"புகார் செய்தால் உன் விசா போய்விடும்" என்பதுதான் வழக்கமான மிரட்டல். சுரண்டலைப் பற்றிப் புகார் செய்பவர் வேலை நிபந்தனையை மீறியிருந்தாலும், அந்தக் காரணத்துக்காக விசா ரத்தாகாமல் பாதுகாக்கும் ஏற்பாடு 2024 ஜூலையிலிருந்து விதியாகவே இருக்கிறது. அதற்கு அங்கீகரிக்கப்பட்ட அமைப்பின் சான்று போன்ற நிபந்தனைகள் உண்டு. எனவே நேராக விசா வழங்கும் உள்துறைக்கு எழுதாமல் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். சிட்னியில் ரெட்ஃபர்ன் லீகல் சென்டர் வெளிநாட்டு மாணவர்களுக்கு இலவசமாகச் சட்ட ஆலோசனை தருகிறது.

7. படிப்பு நழுவாமல் இருக்க

செமஸ்டர் தொடக்கத்தில் பாட விவரத்தைத் திறந்து எல்லா அசைன்மென்ட் தேதிகளையும் எடுங்கள். பிறகு ரோஸ்டர் தருபவரிடம் அந்த வாரங்களை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேலைப் பளு என்று சொன்னால் பல்கலைக்கழகம் கூடுதல் அவகாசம் தராது. என் அனுபவத்தில் இரவு ஷிப்ட் முடிந்து காலை ஒன்பது மணி வகுப்பு என்பது மூன்றாவது வாரத்தைத் தாண்டாது. மாலை ஆறிலிருந்து பத்துவரை அலுவலகக் கிளீனிங் கிடைத்தால் கூலி சற்றுக் குறைந்தாலும் அதை எடுங்கள்.

ஒரு பாடத்தை விடுவதானால், கட்டணம் உறுதியாகும் நாளான சென்சஸ் தேதிக்கு முன். அதற்குப் பின் விட்டால் கட்டணம் போனது போனதுதான். தோல்விகள் தொடர்ந்தால் கல்லூரி உங்களை உள்துறையிடம் தெரிவிக்கும், ஆனால் அதற்கு முன் நோட்டீஸ் அனுப்பி 20 வேலை நாள் முறையீட்டு அவகாசம் தர வேண்டும். அந்த மின்னஞ்சல் ஸ்பாமில் கிடந்தாலும் நாள் ஓடும்.

மலிவான கல்லூரிக்கு மாறுவது அடுத்த சபலம். முதன்மைப் படிப்பின் முதல் ஆறு மாதத்துக்குள் மாற, இருக்கும் கல்லூரியின் விடுவிப்பு வேண்டும். முதுகலையிலிருந்து டிப்ளமாவுக்கு இறங்கினால் விசா நிபந்தனையே மீறப்படுகிறது. புது விசா எடுக்காமல் அதைச் செய்யக் கூடாது. "எல்லோரும் செய்கிறார்கள்" என்று சொல்லும் ஏஜென்டுக்குத் தன் லாபம்தான் குறி, அவ்வளவுதான். குடியேற்ற ஆலோசனைக்குக் காசு வாங்குபவர், வழக்கறிஞர் அல்லாதவராக இருந்தால், இந்த நாட்டில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவருடைய ஏழு இலக்கப் பதிவு எண்ணைக் கேட்டு, அரசுத் தளத்தில் தேடிப் பாருங்கள்.

அசைன்மென்ட் எழுதித் தருகிறோம் என்று வரும் செய்திகளைத் தொடவே தொடாதீர்கள். காசு வாங்கிய பிறகு, கல்லூரியிடம் சொல்லிவிடுவோம் என்று மிரட்டி வருடக்கணக்கில் கறப்பார்கள். ஃபீஸைத் தள்ளுபடி விலையில் கட்டித் தருகிறேன் என்பவர்களும் அதே ரகம். பல்கலைக்கழகத்தின் சொந்தக் கட்டண வழியைத் தவிர வேறெங்கும் கட்டாதீர்கள்.

8. துடைப்பத்திலிருந்து துறைக்கு

முதல் வருடம் கையில் கிடைத்த வேலை, சரி. இரண்டாம் வருடமும் அதே வேலை என்றால் பட்டம் வந்த பிறகும் அங்கேயே நிற்கும் வாய்ப்பு அதிகம். கூலி கம்மி என்பதற்காகத் துறை சார்ந்த பகுதி நேர வேலையைத் தள்ளாதீர்கள். கணக்கியல் படிப்பவர் ஒரு கடையின் புத்தகக் கணக்கை வாரம் எட்டு மணி நேரம் பார்த்தாலும் அது அனுபவம்.

நேபாளத்தில் நர்ஸிங் முடித்தவர்கள் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராகத் தொடங்குகிறார்கள். இதற்குப் போலீஸ் சான்று போன்றவை தேவை. கூலி கிளீனிங்கைவிட நன்று. ஆனால் அங்கேயே இருந்துவிடாமல், வந்த முதல் மாதமே, நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பான ஆப்ராவின் தளத்தில் உங்கள் தகுதியைச் சரிபார்க்கும் இலவச சுய மதிப்பீட்டைச் செய்யுங்கள். பெரும்பாலும் என்கிளெக்ஸ் எழுத்துத் தேர்வு, பிறகு ஆஸ்கி செய்முறைத் தேர்வு என்று பாதை காட்டும். எங்கள் குழுவில் இருந்த நர்ஸ் மாஸ்டர்ஸ் படிப்பைவிட இதைத்தான் கவலையோடு படித்தார். அவர் கணிப்பு சரி என்றே நினைக்கிறேன்.

வீட்டுக்கு என்ன வேலை என்று சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். பலர் "ஆபீஸ் வேலை" என்கிறார்கள். ஆபீஸில்தானே பெருக்குகிறோம் என்று எங்கள் குழுவில் சிரிப்பார்கள். ஒன்று மட்டும்: சம்பளத்தைக் கூட்டிச் சொல்லிவிட்டால், தங்கை கல்யாணத்துக்கு அந்தக் கூட்டிய தொகையைத்தான் கேட்பார்கள்.

9. வரி, சூப்பர்

நிதியாண்டு ஜூன் 30-ல் முடியும், நீங்களே தாக்கல் செய்தால் அக்டோபர் 31 கடைசி. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்பில் இருப்பவர் பொதுவாக வரிக்கு உள்நாட்டவராகக் கருதப்படுவார், ஆக முதல் 18,200-க்கு வரி இல்லை. நேபாளத்தோடும் இந்தியாவோடும் ஆஸ்திரேலியாவுக்குப் பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் இல்லை என்பதால் 2 சதவீத மெடிகேர் லெவியிலிருந்து (அரசு மருத்துவத்துக்கான வரி) விலக்குக் கேட்கலாம். அதற்கான சான்றுக்கு சர்வீசஸ் ஆஸ்திரேலியாவிடம் ஜூலையிலேயே விண்ணப்பியுங்கள், வர வாரக்கணக்கில் ஆகும். மலிவாகத் தாக்கல் செய்து தரும் பலர் இதைக் கேட்பதே இல்லை.

சூப்பர் என்பது முதலாளி உங்கள் சம்பளத்துக்கு மேல் கட்டும் 12 சதவீத ஓய்வூதியச் சேமிப்பு. எல்லா வேலைக்கும் ஒரே கணக்கைக் கொடுங்கள். நிரந்தரமாக நாட்டைவிட்டுப் போய் விசாவும் முடிந்த பிறகு, பொதுவாக 35 சதவீத வரி போக மீதியை எடுக்கலாம்.

10. படிப்பு முடியும் முன்

அடுத்த படி 485 விசா, அதாவது இங்கே படித்து முடித்தவர்களுக்கான தற்காலிக விசா. பாட முதுகலை முடித்தவருக்கு விண்ணப்பிக்கும்போது வயது 35 அல்லது அதற்குக் குறைவாக இருக்க வேண்டும். நேபாளத்தில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு 33, 34 வயதில் வருபவர்கள் இதை வரும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும். படிப்பு முடிந்த ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம், அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்துக்குள் எழுதிய ஆங்கிலத் தேர்வில் ஐஇஎல்டிஎஸ் 6.5. முதலில் வந்தபோது எழுதிய பழைய மதிப்பெண் செல்லாது. கடைசி செமஸ்டர் தொடங்கியதும் தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள். ஆஸ்திரேலிய ஃபெடரல் போலீஸ் சான்றுக்கு விண்ணப்பித்த ஆதாரமும் விண்ணப்பத்தோடு சேர்ந்தே போக வேண்டும், பிறகு அனுப்பலாம் என்று விடாதீர்கள். அந்தப் படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், ஊரில் வழங்கும் பெயர், கல்யாணத்துக்குப் பின் மாறிய பெயர் எல்லாவற்றையும் எழுதுங்கள்.